ஒரே ஆள் இருக்கற இடம் எப்படிங்க கிராமம் ஆகும்? அந்த ரெண்டாவது ஆள் யாரு?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒருதடவ சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல மோனோவின்னு ஒரு வில்லேஜ், விக்கிபீடியால பாத்தா 2010-ல மக்கள்தொகை 1, 2020-ல 2, ஆனா பேப்பர்ல டிவியிலெல்லாம் அங்க ஒரு வயசான அம்மா மட்டும்தான் இருக்காங்கன்னு சொல்றாங்க, அப்ப இன்னொருத்தர் யாரு, ஒரே ஒரு ஆள் இருக்கற இடத்தை யாராவது கிராமம்னு சொல்வாங்களா, மிட்வெஸ்ட் (அமெரிக்காவோட நடு வடக்கு மாநிலங்கள்) பூரா இப்படித்தானா. பாக்க மூணு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா எனக்கு என்னவோ எல்லாம் ஒரே கேள்வின்னுதான் படுது: அந்த நாட்டுல ‘வில்லேஜ்’னு எதை சொல்றாங்க, அதுக்குள்ள இருக்கற ஆளை எப்படி எண்ணறாங்க. பன்னெண்டு வருஷமா மிட்வெஸ்ட்ல ஜிஐஎஸ் வேலை, அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடற வேலை பாக்கறேன், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) மேப், நில எல்லை, சென்சஸ் டேட்டா இதுலயே பொழுது போகுது, அந்த ஊர் வழியா ரெண்டு தடவ கார்ல போயும் இருக்கேன். வக்கீல் கிடையாது, அதனால சட்டம் பத்தி சொல்றதை வேலைக்காக படிச்ச அளவுக்கு எடுத்துக்கங்க.

முதல்ல அந்த ரெண்டாவது ஆள் மேட்டரை முடிச்சிடலாம். அப்படி ஒரு ஆளே கிடையாது. 2020 கணக்குல சென்சஸ் பீரோவே வேணும்னே கொஞ்சம் கலக்கி விட்ட நம்பர் அது. ஏன் கலக்கினாங்கன்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி ஊரை பாத்துட்டு வந்துடலாம், இல்லன்னா தலையும் புரியாது வாலும் புரியாது.

வில்லேஜ்ங்கற வார்த்தையை ‘கிராமம்’னு மொழிபெயர்த்த உடனே நம்ம மனசுல கோயில், குளம், தெரு, நாலு ஜாதி ஜனம், சுத்தி வயல்னு ஒரு படம் வந்துடுது. அங்க அது ஒரு சட்டப் பெயர், அவ்வளவுதான். நம்ம பஞ்சாயத்து, நகராட்சி மாதிரி ஒரு உள்ளாட்சி வகை. நெப்ராஸ்கால 100-லிருந்து 800 பேர் வரைக்கும் இருக்கற குடியிருப்பு வில்லேஜா பதிவு பண்ணிக்கலாம், அதுக்கு மேல போனா சிட்டி. இதுல கவனிக்க வேண்டியது, அந்த நூறுங்கறது பதிவு பண்ற அன்னைக்கு இருக்க வேண்டிய கணக்கு, அப்புறம் ஜனம் குறைஞ்சுதுன்னா தானா கலைஞ்சு போகாது. மோனோவி அப்படித்தான் நிக்குது, ஆள் போயாச்சு பதிவு போகல. பக்கத்து மாநிலத்துக்கு போனா இந்த வார்த்தைக்கு அர்த்தமே மாறிடும். அயோவால வில்லேஜே கிடையாது, அம்பது பேர் இருந்தாலும் சட்டப்படி சிட்டிதான், வட டகோட்டாலயும் அதே கதை. ஒஹையோல 5,000 பேரை தாண்டினா வில்லேஜ் சிட்டி ஆகிடும். இல்லினாய்ல ஷாம்பர்க்னு சிகாகோ பக்கத்துல ஒரு ஊர், எழுபதாயிரத்துக்கு மேல ஜனம், பெரிய மால், ஆபீஸ் டவர் எல்லாம் இருக்கு, அது இன்னைக்கும் வில்லேஜ்தான்! அதனால ஒரு இடத்துக்கு வில்லேஜ்னு பேர் இருக்கறதை வச்சு அது சின்னதா பெருசான்னு ஒரு முடிவுக்கும் வர முடியாது, எந்த மாநிலம்னு முதல்ல கேட்கணும்.

அடுத்தது அந்த நிலம் எப்படி வெட்டப்பட்டிருக்குங்கறது. இது எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கங்க. சாட்டிலைட் மேப்ல நெப்ராஸ்காவோ அயோவாவோ திறந்து பாருங்க, செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். 1785-ல அவங்க காங்கிரஸ் ஒரு நில ஆணை போட்டாங்க, மேற்க இருக்கற நிலத்தை எல்லாம் அளந்து சதுரமா வெட்டி விக்கணும்னு. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுக்குள்ள ஒரு மைலுக்கு ஒரு மைல்னு 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நாலா வெட்டினா 160 ஏக்கர், குவார்ட்டர் செக்‌ஷன். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்துல குடியேற வந்தவனுக்கு கொடுத்தது இந்த 160 ஏக்கர் துண்டுதான், அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் வச்சா பட்டா கைக்கு வரும். அளந்தது 66 அடி சங்கிலியால, 80 சங்கிலி ஒரு மைல். நெப்ராஸ்காவுக்கும் கான்சஸுக்கும் நடுவுல இருக்கற 40 டிகிரி அட்சரேகை அந்த அளவைக்கு ஆரம்பக் கோடு. பூமி உருண்டையா இருக்கறதால வடக்க போகப் போக தீர்க்கரேகை எல்லாம் நெருங்கிக்கிட்டே வரும், சதுரம் சதுரமா நிக்காது, அதனால 24 மைலுக்கு ஒருதடவ ஒரு திருத்தக் கோடு போட்டு கட்டத்தை மறுபடி புதுசா ஆரம்பிச்சாங்க. இதை நீங்க ரோட்டுலயே பாக்கலாம். பல மைல் வளைவே இல்லாம நேரா வடக்க போற சரளைக்கல் ரோடு திடீர்னு காரணமே இல்லாம இடது பக்கம் திரும்பி கொஞ்ச தூரம் போய் மறுபடி வடக்க திரும்பும். நடுவுல மலையும் இல்ல ஆறும் இல்ல. பூமி உருண்டைங்கறதுக்காக ஸ்டீயரிங்கை திருப்பறோம். முதல் தடவ தெரியாம வேகமா போய் பள்ளத்துல இறங்கப் பாத்தேன், பக்கத்துல உக்காந்திருந்த சர்வேயர் பெரியவர் சிரிச்சுட்டு இதுதாம்பா திருத்தக் கோடுன்னு சொன்னார், அன்னைக்குத்தான் புத்தகத்துல படிச்சது மண்டையில ஏறிச்சு.

இந்த கட்டம் ஜனத்தொகையையும் தீர்மானிச்சிருக்கு. 160 ஏக்கர் வாங்கினவன் அந்த 160 ஏக்கர்லதான் வீடு கட்டணும்னு சட்டம். அதனால விவசாயி யாரும் ஊருக்குள்ள சேர்ந்து குடியிருந்து காலைல வயலுக்கு போகல, அவனவன் அவனவன் நிலத்து நடுவுல வீடு, கொட்டாய், காத்தாலை, மரவரிசைன்னு தனித்தனியா உக்காந்துட்டான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை மைல். அப்ப வில்லேஜ்ல இருந்தது யாருன்னா கடைக்காரர், கொல்லர், போஸ்ட்மாஸ்டர், பேங்க் குமாஸ்தா, தானிய எலிவேட்டர் (தானியத்தை சேர்த்து வைக்கற உயரமான கிடங்கு) நடத்தறவர், டீச்சர், பாதிரியார். அதாவது விவசாயிக்கு சேவை பண்றவங்க. சுத்தி இருக்கற விவசாயி குறைஞ்சா ஊருக்கு பொழப்பே இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க, மோனோவி கதை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு.

இப்ப மோனோவி. நெப்ராஸ்கால 93 கவுண்டி, அதுல வடக்கு ஓரத்துல பாய்ட் கவுண்டி, வடக்க தெற்கு டகோட்டா, தெற்க நையோப்ரரா ஆறு, வடகிழக்குல மிசௌரி ஆறு, நடுவுல போன்கா கிரீக்னு ஒரு ஓடை. இந்த பகுதி 1882 வரைக்கும் டகோட்டா பிரதேசத்தோட இருந்தது, காங்கிரஸ் எல்லையை 43 டிகிரிக்கு தள்ளினதும் நெப்ராஸ்கா பக்கம் வந்துச்சு, 1891-ல கவுண்டி ஆச்சு, அப்ப இருந்த கவர்னர் ஜேம்ஸ் பாய்டு பேரை வச்சாங்க. அதுக்கு முன்னாடி இந்த நையோப்ரரா ஆத்து முகத்துவாரம் போன்கா பழங்குடி மக்களோட பூமி. 1877-ல அவங்களை வலுக்கட்டாயமா தெற்க இப்ப ஒக்லஹோமா இருக்கற பக்கம் விரட்டினாங்க. அவங்க தலைவர் ஸ்டேண்டிங் பேர், செத்துப்போன மகனை சொந்த மண்ணுல புதைக்கணும்னு நடந்தே திரும்பி வந்து கைதாகி, 1879-ல ஒமாஹா கோர்ட்டுல செவ்விந்தியரும் சட்டத்தின் பார்வையில ஒரு மனுஷன்தான்னு தீர்ப்பு வாங்கினது இந்த பிரச்சனையிலதான். காலி நிலத்துல வெள்ளைக்காரன் வந்து ஊர் கட்டினான், அப்புறம் ஊர் காலியாச்சுன்னு சொல்றப்ப இந்த முதல் தடவ காலி பண்ணினதை யாரும் சொல்றதில்ல, அதனால சொன்னேன்.

நிலம்னு பாத்தா, நெப்ராஸ்கான்னாலே தட்டையா இருக்கும்னு நினைப்போம், அங்க அப்படி இல்ல. ரெண்டு ஆத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மேடு பள்ளமான பூமி, அடியில பியர் ஷேல்னு ஒரு களிப்பாறை, மழை பட்டா வழுக்கிட்டு சரியும், காஞ்சா வெடிப்பு விடும். ரோடு போடறவங்களுக்கு தலைவலி. அதனால பாதி இடத்துல அந்த அழகான கட்டம் உடைஞ்சு போயிருக்கும், ரோடு ஓடையை ஒட்டி வளைஞ்சு போகும். பயிரை விட மாட்டு மேய்ச்சல்தான் அதிகம். 100-வது தீர்க்கரேகைக்கு மேற்க மழையை நம்பி விவசாயம் பண்ண முடியாதுன்னு ஜான் வெஸ்லி பவல் 1878-லயே அறிக்கை எழுதினார், மோனோவி அந்த கோட்டுக்கு எண்பது மைலுக்கு மேல கிழக்கதான் இருக்கு, ஆனா கோடுன்னா சுவர் கிடையாதே, நல்ல வருஷம் கெட்ட வருஷம்னு அது முன்ன பின்ன நகரும். 1930-கள்ல கெட்ட வருஷமா வரிசையா வந்துச்சு.

ஊர் பிறந்தது 1902-ல, ரயிலால. ஃப்ரீமாண்ட், எல்க்கார்ன் அண்ட் மிசௌரி வேலி ரயில்ரோடு அந்த பக்கம் பாதை போட்டப்ப வழியில ஸ்டேஷன் ஸ்டேஷனா ஊர் முளைச்சது. ரயில் கம்பெனிங்க சும்மா கண்ட இடத்துல ஸ்டேஷன் வைக்கல, விவசாயி குதிரை வண்டியில சோளமோ கோதுமையோ ஏத்திட்டு எலிவேட்டருக்கு வந்து கொட்டிட்டு பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பணும், அந்த தூரம்தான் கணக்கு, ஏழிலிருந்து பத்து மைலுக்கு ஒண்ணு. பக்கத்து ஊர் லிஞ்ச் மேற்கால காருல பத்து நிமிஷம்தான். குதிரைக்கு அது சரியான இடைவெளி. லாரி வந்ததுக்கு அப்புறம் பத்து மைலுக்கு ஒரு எலிவேட்டர் எதுக்கு, முப்பது மைலுக்கு ஒண்ணு போதும். அப்ப நடுவுல இருக்கற ரெண்டு ஊருக்கு காரணமே போச்சு. மிட்வெஸ்ட்ல செத்துப்போன சின்ன ஊர்களோட வரிசையை பாத்தீங்கன்னா பஞ்சம், பொருளாதார வீழ்ச்சின்னு எல்லாரும் சொல்றது பாதிதான், மீதி பாதி இந்த குதிரைக் கணக்கு.

நம்பரை பாருங்க. 1930 சென்சஸ்ல 123 பேர். 1980-ல 18, 1990-ல 6, 2000-ல 2, அதுவும் புருஷன் பொண்டாட்டி. 2004-ல புருஷன் இறந்துட்டார், 2010-ல 1. 1967-லிருந்து 1970-க்குள்ள போஸ்ட் ஆபீசும் கடைசி மளிகைக் கடையும் மூடினாங்க, 1974-ல ஸ்கூல். இந்த வரிசையை கவனிங்க, எந்த சின்ன ஊர்லயும் கிட்டத்தட்ட இதே வரிசைதான் வரும், ஸ்கூல் மூடினா அப்புறம் குழந்தை இருக்கற குடும்பம் ஒண்ணும் புதுசா வராது, அதுக்கு அப்புறம் வயசானவங்க ஒவ்வொருத்தரா போறதுதான் பாக்கி. கவுண்டி முழுசா எடுத்தா 1910 வாக்குல எட்டாயிரத்துக்கு மேல இருந்த ஜனம் 2010-ல 2,099, 2020-ல 1,810. ஆனா நிலம் தரிசா கெடக்குன்னு நினைக்காதீங்க, எல்லா ஏக்கரும் உபயோகத்துல இருக்கு, மனுஷன்தான் தேவைப்படல. 1935 வாக்குல நெப்ராஸ்கால 1,33,000-க்கு மேல பண்ணைகள் இருந்தது, 2017-ல 46,000 சொச்சம். மூணு பண்ணை ஒண்ணாச்சுன்னா மூணு குடும்பம் இருந்த இடத்துல ஒரு குடும்பம், மளிகைக் கடைக்கு மூணுல ஒரு பங்கு வியாபாரம். பதினோரு பசங்க கிடைக்காம ஸ்கூல்ல அமெரிக்கன் ஃபுட்பால் டீம் போட முடியலன்னு 1934-லயே நெப்ராஸ்கா செஸ்டர்ங்கற ஊர்ல ஸ்டீஃபன் எப்லர்னு ஒரு வாத்தியார் ஆறு பேர் ஆடற ஃபுட்பாலை கண்டுபிடிச்சார், இன்னைக்கும் சில சின்ன ஸ்கூல் அதை ஆடுது. எனக்கு இந்த விவரம் தெரிஞ்சப்ப எந்த கிராஃபையும் விட நல்லா புரிஞ்சது.

சரி, எல்லைக்கோடு. மோனோவியோட பரப்பு 0.21 சதுர மைல், ஏக்கர்ல சொன்னா 134 சொச்சம். அதாவது ஒரு குவார்ட்டர் செக்‌ஷனை விட சின்னது, ஒரு குடியேறிக்கு கொடுத்த நிலம் அளவு கூட இந்த ‘கிராமம்’ இல்ல. 2010 கணக்குப்படி சதுர மைலுக்கு 4.8 பேர்னு வரும். பாய்ட் கவுண்டி நிலப்பரப்பு சுமார் 540 சதுர மைல், 2,099 பேர், சதுர மைலுக்கு 3.9. ஆக ஒரே ஆள் இருக்கற மோனோவி, கவுண்டி சராசரியை விட ஜன நெருக்கடி அதிகமான இடம். கணக்கு சரிதான், அர்த்தம்தான் ஒண்ணும் இல்ல. அதே மாதிரி அந்த ‘1’ங்கறதும். கோட்டுக்கு வெளில, ஒரு மைல் ரெண்டு மைல் தள்ளி பண்ணை வீட்ல இருக்கற குடும்பத்தையெல்லாம் கேட்டா நாங்க மோனோவி பக்கம்னுதான் சொல்வாங்க, சாயங்காலம் ஊர்ல இருக்கற டேவர்ன்ல (சாப்பாடும் மதுவும் கிடைக்கற கடை) வந்து உக்காருவாங்க, ஆனா சென்சஸ்ல அவங்க மோனோவி இல்ல. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல இதுல ஒருதடவ நல்லா மாட்டினேன். ஒரு சின்ன ஊருக்கு குடிநீர் லைன் போட ஜனத்தொகை எடுக்க சொன்னாங்க, நான் வில்லேஜ் எல்லையை வச்சு சென்சஸ் பிளாக்கை (சென்சஸ்ல எண்ணற மிகச் சின்ன நிலத் துண்டு) வெட்டி 41 பேர்னு கொடுத்தேன், பெருமையா மேப்பும் பிரிண்ட் போட்டேன். நேர்ல போனா அந்த லைன்ல தண்ணி எடுக்கப் போறது 60 பேருக்கு மேல, ஊருக்கு வெளில ரோட்டோரமா பத்து வீடு, ஊருக்குள்ளயே எல்லாரும் அவங்களை நம்ம ஊர்க்காரங்கன்னுதான் சொல்றாங்க. மேப் போட்ட காசு தண்டம். அதுக்கப்புறம் எந்த சின்ன ஊருக்கும் எல்லையை மட்டும் வச்சு பதில் சொல்றதில்ல, ரெண்டு மைல் சுத்து வட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துடுவேன்.

இப்ப அந்த ரெண்டாவது ஆள். அமெரிக்க சென்சஸ் 1790-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருதடவ நடக்குது, இப்பெல்லாம் ஏப்ரல் 1-ம் தேதி யார் எங்க குடியிருக்காங்கன்னு கணக்கு. தனி ஆளோட விவரத்தை 72 வருஷத்துக்கு வெளியிடக் கூடாது, 1950 சென்சஸோட வீட்டு வீட்டு தாளெல்லாம் 2022-லதான் வெளில வந்துச்சு. ஆனா ஒரே ஆள் இருக்கற ஊர்ல மொத்த ஜனத்தொகை, வயசு, இனம், வீடு சொந்தமா வாடகையான்னு டேபிள் போட்டா அது அந்த ஒரு ஆளோட விவரம்தானே, ரகசியம் எங்க இருக்கு? மீடியன் வயசு (நடு வயசு)ன்னு போடறது அந்த அம்மாவோட வயசு! 2010 வரைக்கும் இதுக்கு வேற ஒரு வழி வச்சிருந்தாங்க, ஒரே மாதிரி இருக்கற ரெண்டு குடும்பத்தோட விவரத்தை இடம் மாத்தி விடுவாங்க, ஆனா தலை எண்ணிக்கையை தொட மாட்டாங்க. அதனால 2010-ல 1ங்கறது அவங்க எண்ணினபடியே போட்ட நம்பர். 2020-ல முறையை மாத்தினாங்க, டிஃபரென்ஷியல் பிரைவசின்னு ஒரு கணித முறை, ஒவ்வொரு சின்ன இடத்தோட நம்பர்லயும் கொஞ்சம் கூட்டி கொஞ்சம் கழிச்சு ‘சத்தம்’ (இங்கிலீஷ்ல நாய்ஸ், வேணும்னே சேர்க்கற சின்ன கலப்படம்) சேர்ப்பாங்க. மாநில மொத்தத்தை தொடறதில்ல, நெப்ராஸ்கா 19,61,504ங்கறது எண்ணினது எண்ணினபடி. ஒவ்வொரு பிளாக்லயும் எத்தனை வீடுங்கறதையும் தொடறதில்ல. நடுவுல இருக்கற கவுண்டி, ஊர், பிளாக் எல்லாத்தோட தலை எண்ணிக்கையிலயும் சத்தம் உண்டு. பெரிய ஊருக்கு ரெண்டு மூணு பேர் கூட குறைய ஆனா யாருக்கும் தெரியாது, மோனோவிக்கு ஒண்ணு கூடினா நூறு சதவீத வளர்ச்சி. அந்த அம்மாகிட்ட பேப்பர்காரங்க கேட்டப்ப அந்த இன்னொருத்தர் யாருன்னு அவங்களே திருப்பி கேட்டாங்களாம். ஆக 1 நிச்சயம், 2 சத்தம். இதை வச்சு ‘மோனோவி இருமடங்கானது’ன்னு வீடியோ போடறவங்களை நம்பாதீங்க.

சின்ன ஊர் புள்ளிவிவரம் பாக்கும்போது இன்னும் ரெண்டு இடத்துல வழுக்கும், அதையும் சொல்லிடறேன். ஒண்ணு, வருமானம், படிப்பு இதெல்லாம் பத்து வருஷ சென்சஸ்ல இப்ப கேக்கறதே இல்ல, அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேன்னு ஒண்ணுல சில வீடுகளை மட்டும் மாதிரியா எடுத்து கேக்கறாங்க, சின்ன ஊருக்கு அஞ்சு வருஷ மாதிரியை ஒண்ணா சேர்த்தாத்தான் ஏதோ ஒரு நம்பர் வரும், அதுக்கு பக்கத்துல பிழை வரம்புன்னு ஒரு நெடுவரிசை இருக்கும், நூறு பேர் ஊருக்கு அந்த வரம்பு நம்பரை விட பெருசா இருக்கறதும் உண்டு. அதை யாரும் காப்பி பண்றதில்ல, நம்பரை மட்டும் எடுத்துப் போட்டுடறாங்க. ரெண்டாவது, ஜெயில். கைதியை ஜெயில் இருக்கற ஊர்லதான் எண்ணுவாங்க. இல்லினாய்ல ஐனான்னு ஒரு வில்லேஜ், 2010 சென்சஸ்ல இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், அதுல பெரும்பாலானவங்க பிக் மடி ரிவர்ங்கற ஜெயிலுக்குள்ள. ஒரு ஊர்ல ஆணுங்க மட்டும் தாறுமாறா அதிகம்னு டேபிள் சொன்னா முதல்ல மேப்ல ஜெயில் இருக்கான்னு பாருங்க. அப்புறம் விக்கிபீடியால இந்த ஊர் கட்டுரை எல்லாம் ஒரே அச்சுல இருக்கேன்னு கேட்டிருந்தீங்க, மொத்தம் இத்தனை சதுர மைல், முழுக்க நிலம், வயசு இப்படி பரவியிருக்குன்னு. 2002-ல ஒருத்தர் ராம்பாட்னு ஒரு நிரல் எழுதி 2000 சென்சஸ் டேட்டாவை வச்சு முப்பதாயிரத்துச் சொச்சம் ஊருக்கு கட்டுரையை மொத்தமா ஏத்தினார், அந்த அச்சுதான் இன்னைக்கும் ஓடுது. மனுஷன் கைபட்ட வரி ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அதைத் தேடிப் படிங்க.

எல்லா ஊரும் இப்படித்தானான்னா இல்ல. ஒரு ஆள் ரெண்டு ஆள் ஊருங்கறது கடைக்கோடி, அதே பாய்ட் கவுண்டியில கிராஸ்னு ஒரு வில்லேஜ் 2010-ல 2 பேரோட இருந்தது, ஆனா கவுண்டி தலைமையிடம் பியூட், ஸ்பென்சர், லிஞ்ச் இதெல்லாம் நூத்துக்கணக்குல ஜனம் இருக்கற ஊர்தான். ஒமாஹா, லிங்கன் பக்கத்துல இருக்கற வில்லேஜெல்லாம் வேலைக்கு போய்வர்ற ஜனத்தால வளர்றதும் உண்டு, ஸ்கைலர் மாதிரி இறைச்சி ஃபேக்டரி இருக்கற ஊருக்கு லத்தீன் அமெரிக்காலருந்தும் ஆப்பிரிக்காலருந்தும் ஜனம் வந்து ஸ்கூலெல்லாம் நிரம்பி வழியுது. ஃபேக்டரியோ பெரிய நகரமோ பக்கத்துல இல்லாத ஊர்தான் தேயுது. தேயற ஊர் எந்த அளவுக்கு போகும்னா, 1980-கள் கடைசியில அஞ்சு மாநிலத்தோட கதிரியக்கக் கழிவை கொட்ட பியூட் பக்கத்துல இடம் பாத்தாங்க, வேலை வரும் காசு வரும்னு ஒரு கூட்டம், வேணாம்னு இன்னொரு கூட்டம், சொந்தக்காரங்களே பேசிக்காம போனாங்க, கடைசியில அது கட்டவே இல்ல, மாநில அரசு 14 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு கட்டி வழக்கை முடிச்சுது. கிழக்கால நையோப்ரரா வில்லேஜ் ரெண்டு தடவ இடமே மாறியிருக்கு, 1881 வெள்ளத்துக்கு ஒருதடவ, மிசௌரியில அணை கட்டி நிலத்தடி நீர் ஏறினதால 1970-கள்ல இன்னொரு தடவ. 2019 மார்ச்ல ஸ்பென்சர் அணை பனிக்கட்டியும் வெள்ளமும் சேர்ந்து அடிச்சு உடைஞ்சப்ப மறுபடி அந்த ஊர்தான் அடி வாங்கிச்சு.

மோனோவிங்கற பேருக்கு பூன்னு அர்த்தம், பழங்குடி வார்த்தைன்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, சொல்றாங்கங்கற அளவுலயே வச்சுக்கங்க. ஒருகாலத்துல 150 பேர் இருந்தாங்கன்னு செய்தியில வர்றதும் ஊர்க்காரங்க வாய்மொழி, பதிவான உச்சம் அந்த 123-தான்.

போய்ப் பாக்கலாமான்னு கேட்டீங்களே, தாராளமா. நெப்ராஸ்கா ஹைவே 12-ல வரும்போது பச்சை போர்டுல ஊர் பேரும் பக்கத்துல 1-ம் இருக்கும், எல்லாரும் அங்க காரை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, நானும் எடுத்தேன். உள்ள போனா தாழ்வான ஒரு வெள்ளைக் கட்டடம், அதுதான் டேவர்ன், பக்கத்துல ஒரு கொட்டகையில அவங்க வீட்டுக்காரர் சேர்த்து வச்ச அஞ்சாயிரம் புத்தகத்தோட ருடி லைப்ரரி, அந்த பக்கம் கூரை இறங்கின வீடுங்க, பாழடைஞ்ச சர்ச், நடுவுல இடுப்பளவு புல்லு. மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாம் அந்த அம்மாவேதான், மதுக்கடை லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடறதும் அவங்க, மேயரா ஒப்புதல் கொடுக்கறதும் அவங்க, மூணு நாலு தெருவிளக்கு எரிய மாநிலக் காசு வேணும்னு வருஷா வருஷம் ரோடு பிளான் எழுதி மாநிலத்துக்கு அனுப்புவாங்க. நான் போன அன்னைக்கு உள்ள ஒன்பது பேர் உக்காந்திருந்தாங்க, பர்கர் சாப்பிட்டு சீட்டு ஆடிட்டு. எட்டு பேர் கோட்டுக்கு வெளில இருக்கற ஆளுங்க. ஹைவேயை விட்டு உள் ரோட்டுல போகணும்னா ‘குறைந்தபட்ச பராமரிப்பு ரோடு, உங்க சொந்த பொறுப்பில் செல்லவும்’னு ஒரு போர்டு வரும், மழை பெஞ்சிருந்தா அதை மதிச்சு திரும்பிடுங்க, அந்த களிமண்ணுல சக்கரம் இறங்கினா டிராக்டர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான்.